மடக்கெழுத்தாணி முதல் மடக்குக்கத்தி வரை: பூட்டமைவுக் காப்புரிமையும் கைவினைஞரின் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

மடக்குக்கத்தியின் பூட்டமைவுகள் மீது இருபதாம் நூற்றாண்டு முழுவதும் காப்புரிமைகள் பெறப்பட்டுள்ளன. தனிப்பட்டறையில் கத்தி செய்யும் கைவினைஞர் இவற்றுள் எவற்றைத் தடையின்றிக் கையாளலாம் என்பதை இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றுப் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்க் கொல்லர் மரபில் உருவான மடக்கெழுத்தாணியை முன்சான்றாகவும், மிர்சாபூர்ப் பாத்திரத் தொழிலில் எழுந்து 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கை மையச் சான்றாகவும் கொள்கிறது. கைவினைஞருக்குச் சட்டம் தந்துள்ள இடம் பெரிது. அதனை நிலைநாட்டத் தேவையான சான்று அவரிடம் எழுத்தில் இல்லை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மடக்குக்கத்தி, மடக்கெழுத்தாணி, காப்புரிமை, பட்டறை மேம்பாடு, வாய்மொழி அறிவு, கொல்லர் மரபு

முன்னுரை

கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் கரும்பும் நெல்லும் விளையும் நிலப்பகுதி. இத்தகைய ஊர்களில் அரிவாளும் கரும்பு வெட்டும் கத்தியும் அடித்துத் தரும் கொல்லுப்பட்டறைக்கும் காப்புரிமை அலுவலகத்திற்கும் எத்தொடர்பும் இல்லை என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. அரிவாளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. அதன் வடிவம் எவருக்கும் தனியுரிமையானது அன்று. ஆனால் அதே கொல்லர் மடக்குக்கத்தி ஒன்றைச் செய்ய முற்பட்டால் நிலைமை மாறுகிறது. அலகு மடங்கவேண்டும், விரித்தபின் கைமீது மடங்கி விழாமல் நிற்கவேண்டும். அவ்வாறு நிறுத்தும் சிறு பொறியமைவே காப்புரிமையின் களம்.

கைவினைக் கத்திகளுக்கு இன்று இணையவழி வெளிநாட்டுச் சந்தையும் உண்டு. ஆகவே, பிறர் செய்த கத்தியைக் கண்டு அதன் பூட்டமைவைத் தாமும் செய்வது களவா, கற்றலா என்னும் வினா ஒரு தொழிலாளியின் பிழைப்பைத் தொடும் வினாவாகிறது. இதற்கு விடை காணச் சட்டத்தின் வாசகம் மட்டும் போதாது. அது உருவான வரலாற்றையும் காணவேண்டும். பெண்ணாடத்துப் பட்டறை இக்கட்டுரைக்குக் களஆய்வு இடமன்று. வினாவை எழுப்பிப் பார்ப்பதற்குரிய நிலைக்களனே ஆகும்.

1. மடக்கெழுத்தாணி என்னும் முன்மரபு

மடக்கும் கருவி தமிழர்க்குப் புதிதன்று. ஏட்டில் எழுதப் பயன்பட்ட எழுத்தாணிகளுள் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகள் வழங்கின. குண்டெழுத்தாணி தலையில் குமிழுடையது. வாரெழுத்தாணி ஒரு முனையில் எழுதும் கூரும் மறுமுனையில் ஓலை வாரும் அலகும் கொண்டது. மடக்கெழுத்தாணியோ எழுதும் ஊசியும் ஓலை நறுக்கும் கத்தியும் பிடிக்குள் மடங்கி அடங்குமாறு செய்யப்பட்டது. இடுப்பில் செருகிச் செல்வோருக்குக் கூர்முனை தைக்காமல் இருக்கவேண்டும் என்னும் தேவையே இவ்வமைப்பைத் தோற்றுவித்திருக்கும் எனலாம்.

பொறியியல் நோக்கில் மடக்கெழுத்தாணியின் இன்றியமையாத கூறுகள் மூன்று: அச்சாணி, அலகை ஏற்கும் பள்ளமுடைய பிடி, அலகை நிற்கச் செய்யும் இறுக்கம். இன்றைய மடக்குக்கத்தியின் அடிப்படையும் இம்மூன்றே. ஐரோப்பாவிலும் ரோமானியர் காலத்து மடக்குக்கத்திகள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. ஆகவே ‘மடங்கும் கத்தி’ என்னும் பொதுக்கருத்தின் மீது எவரும் தனியுரிமை கோர இயலாது. காப்புரிமைகள் எழுந்தவை மூன்றாம் கூறாகிய நிறுத்தமைவின் நுண்வேறுபாடுகள் மீதே.

ஏட்டெழுத்து மறைந்தபோது மடக்கெழுத்தாணி செய்யும் தொழிலும் மறைந்தது. எழுதியோர் எழுதிய நூல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. எழுத்தாணியைச் செய்தோர் தம் செய்முறையை எழுதிவைக்கவில்லை. இவ்வேறுபாடு கட்டுரையின் இறுதிப் பகுதியில் பயன்படும்.

2. இந்தியக் காப்புரிமைச் சட்டம் வளர்ந்த வகை

இந்தியாவில் புதுப்புனைவுகளுக்குத் தனியுரிமை வழங்கும் முதற்சட்டம் 1856இல் இயற்றப்பட்டது. கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்பார் பங்கா இழுக்கும் எந்திரத்திற்காக அவ்வாண்டு மார்ச் 3 அன்று அளித்த விண்ணப்பமே இந்நாட்டின் முதற் காப்புரிமை விண்ணப்பமாகக் கருதப்படுகிறது. அச்சட்டம் பிரித்தானிய அரசியின் முன்னிசைவின்றி இயற்றப்பட்டது என்பதால் நீக்கப்பட்டு, 1859இல் மீண்டும் இயற்றப்பட்டது. தொடர்ந்து 1872, 1883, 1888 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. அவற்றை ஒருங்கிணைத்து 1911இல் வந்த இந்தியக் காப்புரிமைகள் மற்றும் வடிவமைப்புகள் சட்டம் அறுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதன்படி காப்புரிமைக் காலம் தொடக்கத்தில் 14 ஆண்டுகள். 1930ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 16 ஆண்டுகள்.

விடுதலைக்குப்பின் இச்சட்டத்தை ஆராய இரு குழுக்கள் அமைந்தன. 1948இல் அமைந்த பக்ஷி டேக் சந்த் குழு முதலாவது. 1957இல் நியமிக்கப்பட்ட நீதிபதி என். ராஜகோபால அய்யங்காரின் ஆய்வு இரண்டாவது. அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த அய்யங்கார் 1959இல் தம் அறிக்கையை அளித்தார். இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருந்ததையும், அவற்றுள் பல இந்நாட்டில் உற்பத்திக்கே வராமல் இறக்குமதிச் சந்தையைக் காக்க மட்டும் பயன்பட்டதையும் அவர் சுட்டினார். காப்புரிமைச் சட்டம் ஒரு நாட்டின் பொருளாதார நிலைக்கேற்ப அமையவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவ்வறிக்கையின் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைகள் சட்டம் 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரிதும் மருந்துத் துறையையே பேசுவர். சிறு கருவி செய்வோருக்கு அது தந்தவை அதிகம் பேசப்படவில்லை. அறிந்த கருவிகளை அருகருகே சேர்த்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்துச் செய்யுமாறு அடுக்குவது புதுப்புனைவு ஆகாது என்கிறது பிரிவு 3(எஃப்). ஆய்வுக்கும் சோதனைக்கும் மாணாக்கர்க்குக் கற்பிப்பதற்கும் காப்புரிமை பெற்ற பொருளைச் செய்யவோ பயன்படுத்தவோ பிரிவு 47 இடமளிக்கிறது. பட்டறையில் தொழில் பழகும் இளைஞனுக்கு ஒரு பூட்டமைவைச் செய்து காட்டும் ஆசானுக்கு இப்பிரிவு நேரடியாகப் பொருந்தக்கூடியது.

3. பூட்டமைவுகளும் அவற்றின் காலவரம்பும்

மடக்குக்கத்தியின் நிறுத்தமைவுகளைத் தோற்ற முறையில் நோக்கினால், பொதுவுடைமையான பகுதி எவ்வளவு விரிந்தது என்பது விளங்கும்.

முதலாவது முதுகுவில் அமைப்பு. பிடியின் முதுகில் பொருந்திய தட்டைவில் அலகின் அடியை அழுத்தி நிறுத்தும். பேனாக்கத்திகள் பெரும்பாலும் இவ்வகையின. இரண்டாவது முதுகுப்பூட்டு. முதுகிலுள்ள நெம்பின் கொக்கி அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து பூட்டும். இவ்விரண்டின் அடிப்படையும் நெடுங்காலமாகப் பொதுவழக்கில் உள்ளது. மூன்றாவது வளையப் பூட்டு. பிரான்சின் சவோய்ப் பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய எளிய விவசாயக் கத்திக்கு, மார்செல் ஓப்பினெல் 1955இல் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்கும் வழி அடைபடும்.

நான்காவது உள்தகட்டுப் பூட்டு. பிடியின் உட்புறத் தகட்டில் ஒரு பகுதியை வில்லாக வெட்டி, அலகு விரிந்தவுடன் அதன் அடிக்குப் பின்னே தாவி நிற்குமாறு செய்வது. இதன் முன்வடிவத்திற்கு 1906இல் அமெரிக்காவில் வாட்சன், சாட்விக் ஆகியோர் காப்புரிமை பெற்றனர். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்னும் தனிக் கைவினைஞர் இதனைச் செம்மைப்படுத்தி, ஒரு கையால் திறந்து மூடத்தக்கதாக்கினார். உலகெங்கும் இவ்வமைவு பரவிவிட்டது. அவர் வணிகக் குறியாகப் பதிந்த ‘லைனர்லாக்’ என்னும் பெயர் அவருடையதாகவே நின்றது. ஐந்தாவது சட்டகப் பூட்டு. தென்னாப்பிரிக்காவில் தொழில் தொடங்கிய கிறிஸ் ரீவ், உள்தகட்டிற்கு மாற்றாகப் பிடியின் கனத்த பக்கத்தையே வில்லாக்கினார். இதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. இன்று எண்ணற்ற நிறுவனங்கள் இதனைக் கையாள்கின்றன.

ஆறாவது குறுக்குத்தண்டுப் பூட்டு. இரு வில்களால் தாங்கப்பட்ட தண்டு அலகின் அடிமீது நகர்ந்து அமர்வது. மெக்ஹென்றி, வில்லியம்ஸ் ஆகியோர் 1996இல் விண்ணப்பித்து 1998இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இவ்வமைவை, பெஞ்ச்மேட் நிறுவனம் ‘ஆக்சிஸ்’ என்னும் பெயரில் விற்றது. விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் கழிந்து அக்காப்புரிமை காலாவதியானபின் பிற நிறுவனங்களும் குறுக்குத்தண்டுக் கத்திகளைச் செய்தன. ஆனால் ‘ஆக்சிஸ்’ என்னும் பெயரை அவை பயன்படுத்தவில்லை.

இவற்றோடு ஒப்பிடத்தக்கது ஸ்பைடர்கோ நிறுவனத்தின் வட்டத்துளை. அலகில் துளையிட்டுக் கட்டைவிரலால் திறக்கும் இவ்வமைப்புக்கு 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. அது முடிந்தபின்னும் வட்டமான துளை அந்நிறுவனத்தின் வணிகக் குறி என்னும் உரிமை தொடர்ந்தது. காலவரம்புடைய உரிமை முடிந்த இடத்தில் காலவரம்பற்ற உரிமை தொடங்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வரலாறு காட்டுவது ஒன்றுண்டு. பொறியமைவின் மீதான உரிமை ஒரு தலைமுறைக் காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. நெடுங்காலம் நிற்பது பெயர் மீதான உரிமையே. தமிழ்நாட்டில் இதற்கு இணையான சான்று திண்டுக்கல் பூட்டு. அது 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு காப்பது ‘திண்டுக்கல் பூட்டு’ என்னும் பெயரையே; நெம்புகோல் பூட்டின் பொறியமைவை வேறு ஊரார் செய்வதை அது தடுப்பதில்லை.

4. மிர்சாபூர் வழக்கு

கத்தியின் பூட்டமைவு பற்றியதன்று எனினும், கைவினைப் பட்டறைக்கும் காப்புரிமைக்கும் உள்ள உறவை இந்தியாவில் தெளிவாக வரையறுத்தது பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் – ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்காகும்.

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பித்தளைப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குப் பாத்திரம் செய்துவந்த ஒரு நிறுவனம், கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் அமைவு ஒன்றுக்கு 1951 டிசம்பர் முதல் செல்லத்தக்க காப்புரிமை பெற்றது. கடையும்போது பாத்திரம் கழன்று தெறிக்காமல் காப்பதும், வேலையை விரைவாக்குவதும் அதன் பயன்களாகக் கூறப்பட்டன. அதே ஊரில் அதே தொழில் செய்த மற்றொரு நிறுவனம் அம்முறையைக் கையாண்டது என்று வழக்குத் தொடரப்பட்டது. இம்முறை தொழிலில் முன்பே அறியப்பட்டது என்று எதிர்தரப்பு வாதிட்டுக் காப்புரிமையை நீக்கக் கோரியது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அக்காப்புரிமையை நீக்கினார். இரு நீதிபதிகள் அமர்வு அதனை மீட்டளித்தது. இறுதியில் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பர் 13 அன்று தனி நீதிபதியின் முடிவை நிலைநிறுத்தியது.

இத்தீர்ப்பின் கருத்துகளுள் மூன்று இங்கு இன்றியமையாதன. முதலாவது, அறிந்த ஒன்றின் மீது செய்யப்படும் மேம்பாடு காப்புரிமை பெறவேண்டுமாயின் அது வெறும் பட்டறை மேம்பாட்டினும் மிக்கதாக இருக்கவேண்டும். இரண்டாவது, பழைய கூறுகளின் சேர்க்கை புதிய விளைவையோ, மேம்பட்ட அல்லது மலிவான பொருளையோ தரவேண்டும். அச்சேர்க்கை அத்துறையில் பழகியவர்க்கு இயல்பாகத் தோன்றக்கூடியதாக இருத்தல் ஆகாது. மூன்றாவது, காப்புரிமை வழங்கப்பட்டது என்பதே அது செல்லத்தக்கது என்பதற்கு உறுதியாகாது.

‘பட்டறை மேம்பாடு’ என்னும் கருத்து கைவினைஞருக்கு அரணாவது. இறுக்கம் குறைந்தால் வில்லைத் தடிப்பாக்குவதும், தேய்மானம் கண்டால் தகட்டின் சரிவை மாற்றுவதும் தொழில் பழகியவர் கை தானே செய்யும் வேலைகள். இவற்றை எவரும் தனியுரிமையாக்க இயலாது என்பதே இதன் பயன்.

அதே வழக்கு மற்றொன்றையும் காட்டுகிறது. 1951இல் தொடங்கிய 16 ஆண்டுக் காப்புரிமையின் காலம் 1967இல் முடிந்திருக்கும். இறுதித் தீர்ப்பு வந்தது அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின். சட்டம் தந்த அரண் பயன்பட வேண்டிய காலமெல்லாம் வழக்கிலேயே கழிந்தது. கால் நூற்றாண்டு வழக்காடும் வலிமை ஒரு நிறுவனத்திற்கு இருந்தது. ஒரு கொல்லுப்பட்டறைக்கு இராது. ஆகவே உரிமை இருப்பதும் உரிமையை நிலைநாட்ட முடிவதும் வேறுவேறு.

5. கைவினைஞர் பயன்படுத்தத்தக்கவை

மேற்கண்டவற்றைக் கொண்டு தொடக்க வினாவுக்கு வருவோம். காப்புரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. அமெரிக்காவில் மட்டும் காப்புரிமை பெற்ற பூட்டமைவை இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்பது இந்தியக் காப்புரிமையை மீறுவதாகாது. அதே கத்தியை அமெரிக்காவிற்கு அனுப்பினால், அங்கு அக்காப்புரிமை உயிரோடிருக்கும்வரை அது மீறலாகும். ஆகவே எங்கே செய்கிறோம் என்பதோடு எங்கே விற்கிறோம் என்பதும் காணப்படவேண்டும்.

காலாவதியான காப்புரிமை எவர்க்கும் பொது. இந்தியாவில் இன்று அதன் காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். உரிய புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தப்படாவிடின் அதற்கு முன்பே அது வீழ்ந்துவிடும். பழைய காப்புரிமை ஆவணங்கள் வரைபடங்களோடு கூடிய பாடநூல்களே எனலாம். பொறியமைவை முழுமையாக வெளியிடுவது, அதற்கு ஈடாகக் குறித்த காலம் தனியுரிமை பெறுவது என்பதே காப்புரிமையின் அடிப்படை உடன்பாடு. காலம் முடிந்தபின் அவ்வறிவைப் பயன்படுத்துவது அவ்வுடன்பாட்டை நிறைவேற்றுவதே.

உயிருள்ள காப்புரிமையைப் பொறுத்தவரை, கைவினைஞரிடையே நிலவத்தக்க சில நம்பிக்கைகள் தவறானவை. ஒன்றே ஒன்று செய்தால் குற்றமில்லை, கையால் செய்தால் குற்றமில்லை, விற்காவிட்டால் குற்றமில்லை என்பன அவை. பிரிவு 48 விற்பதை மட்டுமன்றிச் செய்வதையும் பயன்படுத்துவதையும் உரிமையாளருக்கே உரியனவாக்குகிறது. அறியாமல் செய்தவர் இழப்பீட்டிலிருந்து தப்பப் பிரிவு 111 வழிதருகிறது; ஆயினும் தொடர்ந்து செய்யாதவாறு நீதிமன்றம் தடை விதிக்கலாம். மறுபுறம், காப்புரிமையின் எல்லை அதன் கோரிக்கைக் கூற்றுகளில் சொல்லப்பட்டதே. ஒத்த தோற்றமுடையது என்பதால் மட்டும் ஒரு கத்தி மீறலாகிவிடாது; கோரப்பட்ட இன்றியமையாக் கூறுகள் அதில் அமைந்துள்ளனவா என்பதே அளவுகோல்.

தோற்றத்திற்குத் தனிச்சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டம் கண்ணுக்குப் புலனாகும் வடிவத்தை 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் காக்கிறது. பொறியமைவை அது தன் வரையறையிலிருந்தே விலக்கிவிடுகிறது. பெண்ணாடத்துக்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலை இதனோடு ஒப்பிடலாம். பொம்மையின் புதுவடிவம் வடிவமைப்பாகப் பதியத்தக்கது. அதை அச்சில் வார்த்துச் சூளையில் சுடும் அறிந்த முறை எல்லார்க்கும் பொது. கத்தியிலும் அவ்வாறே பிடியின் புதிய வடிவம் பதிவுக்குரியது. பழைய பூட்டமைவு பொதுவானது.

காப்புரிமையிலிருந்து விடுபட்டது என்பதால் மட்டும் ஒரு கத்தி முற்றிலும் தடையற்றது ஆகிவிடாது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீட்டு, வேளாண், அறிவியல், தொழிற் பயன்பாட்டுக்கு உரியவை நீங்கலாகப் படைக்கலமாகக் கருதுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் கையால் செய்யப்பட்ட ராம்பூரிக் கத்தித் தொழில் நலிந்ததில் அலகு நீளம் பற்றிய அரசுக் கட்டுப்பாட்டிற்குப் பங்குண்டு. காப்புரிமை அதற்குக் காரணமன்று.

6. வாய்மொழி அறிவும் சான்றும்

இதுவரை பிறர் காப்புரிமையிலிருந்து கைவினைஞர் தம்மைக் காப்பது பேசப்பட்டது. கைவினைஞரின் அறிவைப் பிறர் காப்புரிமையாக்கினால் என்ன செய்வது என்பது மறுபக்க வினா. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு மூன்று வழிகளை வகுத்தது. மரபறிவாக உள்ள ஒன்று புதுப்புனைவு ஆகாது என்கிறது பிரிவு 3(பி). ஓர் உள்ளூர்ச் சமூகத்திடமோ தொல்குடிச் சமூகத்திடமோ வாய்மொழியாகவோ பிறவாறோ முன்பே இருந்த அறிவு என்பதைக் காட்டி விண்ணப்பத்தை எதிர்க்கப் பிரிவு 25 இடமளிக்கிறது. வழங்கப்பட்ட காப்புரிமையை அதே காரணத்தால் நீக்கப் பிரிவு 64 இடமளிக்கிறது. காப்புரிமை வழங்கப்படுமுன் எதிர்ப்பவர் தொழிலுரிமையாளராக இருக்கவேண்டும் என்பதில்லை, எவரும் எதிர்க்கலாம்.

எழுதப்படாத அறிவைச் சட்டம் சான்றாக ஏற்பது பெரிய மாற்றமே. ஆயினும் அவ்வறிவு இருந்தது என்பதை மெய்ப்பிக்கவேண்டிய சுமை, அதை முன்வைப்பவர் மீதே விழுகிறது. தமிழாய்வுக்கு இதில் ஒரு கடமை உண்டு. மடக்கெழுத்தாணியின் பெயர் நமக்குத் தெரியும். அதன் அச்சாணி எவ்வாறு தட்டப்பட்டது, இறுக்கம் எவ்வாறு வைக்கப்பட்டது என்பவற்றை அகராதிகள் சொல்வதில்லை. ஏடுகளின் பாடவேறுபாடுகளை நுணுகி ஆராய்ந்த அளவுக்கு, அவ்வேடுகளை எழுத உதவிய கருவியின் உறுப்புகளை நாம் ஆராயவில்லை. கொல்லர்தம் வட்டாரத் தொழிற்சொற்களை உறுப்பின் வரைபடத்தோடும், செய்முறையோடும், பதிவுசெய்த நாளோடும் தொகுத்து வெளியிட்டால், அது சொல்லாய்வாக நிற்பதோடு முன்னறிவுக்கான எழுத்துச் சான்றாகவும் நிற்கும்.

முடிவுரை

மடக்குக்கத்தியின் முதன்மையான பூட்டமைவுகளின் அடிப்படைகள் இன்று பெரும்பாலும் பொதுவுடைமையாகிவிட்டன. கைவினைஞர் விலக்கவேண்டியவை உயிருள்ள காப்புரிமையின் கோரிக்கைகள், பதியப்பட்ட வடிவமைப்புகள், பிறருடைய பெயர்கள் ஆகியனவே. அய்யங்கார் அறிக்கையின் வழிவந்த சட்டமும் மிர்சாபூர் வழக்கின் தீர்ப்பும் தொழில் பழகிய கைக்கு இயல்பான மேம்பாடுகளைத் தனியுரிமைக்கு வெளியே நிறுத்தின. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வாய்மொழி அறிவுக்கும் இடமளித்தது.

எனினும் இவ்வுரிமைகள் சான்றோடு வருபவர்க்கே பயன்படும். மடக்கெழுத்தாணி செய்தவரின் செய்முறை எழுதப்படாமலே மறைந்தது. இன்றைய கொல்லுப்பட்டறையின் செய்முறையும் அவ்வாறு மறையாமல் இருக்க, அதனைத் தொழிலாளரின் சொற்களிலேயே பதிவுசெய்வது தமிழ்த்துறை ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். மாவட்ட அளவில் கொல்லர் தொழிற்சொற் களஞ்சியங்களைத் தொகுப்பது அதற்குரிய முதற்படி.